பயந்த சுபாவமுள்ள நாய் யாரையாவது கடித்தால் கொழும்பில் யார் பொறுப்பு? காப்புறுதி கைகொடுக்குமா?

கேள்வி சுருக்கமாக இதுதான்: வெள்ளவத்தையில் மதில் கட்டிய வீடு, மூன்று வயது நாய். இதுவரை யாரையும் கடித்ததில்லை, ஆனால் பயந்த சுபாவம். கேற்றைத் தட்டினால் பாய்ந்து குரைக்கும், வெடிச்சத்தம் கேட்டால் தறிகெட்டு ஓடும். நாளைக்கு ஒருவரைக் கடித்துவிட்டால் சட்டப்படி என்ன நடக்கும், அதற்குக் காப்புறுதி எடுத்து வைக்கலாமா?

"இதுவரை கடித்ததில்லை" என்பதை உங்களுக்குச் சாதகமான விஷயமாக எழுதியிருக்கிறீர்கள். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி பிடித்துக்கொள்ளப்போவது அதற்கு அடுத்த வசனத்தை. நாய் பயந்தது, ஆள் வந்தால் பாயும் என்பது உங்களுக்கு முன்பே தெரியும். அது தெரிந்த ஒருவர் என்ன முன்னேற்பாடு செய்திருக்க வேண்டும், நீங்கள் அதைச் செய்தீர்களா என்பதுதான் வழக்கு. நாய் நல்லதா கெட்டதா என்பதை யாரும் பெரிதாகக் கேட்கமாட்டார்கள்.

இலங்கையில் இப்படியான நட்டஈட்டு வழக்குகளுக்கு அடிப்படை, ஒல்லாந்தர் காலத்திலிருந்து வந்த ரோமன்-டச்சுச் சட்டம். கவனயீனத்தால் இன்னொருவருக்கு நட்டம் வந்தால் லெக்ஸ் அக்விலியா என்ற வழியில் அதைக் கோரலாம். காயத்தின் வலிக்கும் வேதனைக்கும் தனியாகக் கோரலாம். அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம்தானே என்று நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். கடிபட்டவர் தனியார் வைத்தியசாலைக்குப் போனால் அந்த பில் வரும். டிலிவரி ஓடுபவர் என்றால் வேலைக்குப் போகாத நாட்களின் வருமானம் வரும். நாய் குறுக்கே பாய்ந்து மோட்டார் சைக்கிள் விழுந்தால் வாகனத் திருத்தச் செலவும் சேரும். அந்த வாகனத்தின் காப்புறுதிக் கம்பனி முதலில் பணத்தைக் கட்டிவிட்டு, பிறகு உங்களிடம் அறவிட வரலாம். பலர் எதிர்பார்க்காத கடிதம் அது. நட்டஈடு கோருபவருக்கு வழக்குத் தொடுக்க இரண்டு வருட அவகாசம் உண்டு. ஆகவே ஆறு மாதம் சத்தமில்லாமல் போனால் விஷயம் முடிந்தது என்று அர்த்தமில்லை.

உங்கள் பக்கத்திலும் வாதங்கள் இல்லாமலில்லை. மதில் ஏறிக் குதித்தவர், கம்பிக்குள்ளால் தடியை விட்டு நாயைக் குத்தியவர், "கிட்ட வராதீர்கள்" என்று சொன்ன பிறகும் தடவ வந்தவர் எல்லாரும் தங்கள் பங்கைச் சுமக்க வேண்டும். 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின்படி இரு தரப்பிலும் பிழை இருந்தால் அந்த அளவுக்கு நட்டஈட்டை நீதிமன்றம் குறைக்கலாம். சின்னப் பிள்ளைகள் விஷயத்தில் இந்த வாதத்தை அதிகம் நம்ப வேண்டாம்.

குற்றவியல் பக்கம் வேறு. தண்டனைச் சட்டக்கோவையில், தன் வசமுள்ள மிருகத்தால் மனித உயிருக்கு ஆபத்தோ பாரதூரமான காயமோ வராமல் காக்கத் தவறுவது குற்றம். பொலிஸில் முறைப்பாடு பதிவாகி நீதவான் நீதிமன்றம் வரை போகக்கூடியது இது. வேண்டுமென்றே நாயை ஏவிவிடுவது கவனயீனமே அல்ல, அது தாக்குதல் வகையைச் சேரும். அபராதம் விதிக்கப்பட்டால் எந்தக் காப்புறுதியும் அதைக் கட்டாது.

பதிவும் தடுப்பூசியும் அலட்சியமாக விடப்படும் இடங்கள். நாய்களைப் பதிவு செய்யும் சட்டம் 1901இலிருந்து இருக்கிறது, விசர் நோய்ச் சட்டம் 1893இலிருந்து. வெள்ளவத்தை என்றால் கொழும்பு மாநகர சபையின் மிருக வைத்தியப் பிரிவு; பாலம் தாண்டி தெஹிவளை என்றால் தெஹிவளை–கல்கிசை மாநகர சபை. பதிவு வருடா வருடம் புதுப்பிக்க வேண்டியது. பதிவும் ஊசியும் இல்லாத நாய் கடித்தால், "இவர் பொறுப்பில்லாத ஆள்" என்பதை நிரூபிக்க எதிர்த்தரப்புக்கு வேறு சாட்சியே தேவைப்படாது. ஊசிப் புத்தகத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்துத் தொலைபேசியில் வைத்திருங்கள். கடி நடந்த இரவில் அந்தப் புத்தகம் எந்த அலுமாரியில் என்று யாருக்கும் ஞாபகம் வராது.

இனி கேற். பயந்த நாயின் கடிகள் பெரும்பாலும் நடப்பது வாசலிலும் வாசலுக்கு வெளியே பத்தடிக்குள்ளும்தான். காரணம் எளிது. தபால்காரர் வருகிறார், நாய் குரைக்கிறது, அவர் போய்விடுகிறார். "நான் குரைத்ததால்தான் போனார்" என்று நாய் கற்றுக்கொள்கிறது. பாண் விற்கும் சூன் பாண் ஓட்டோ பாட்டோடு வருகிறது, போகிறது, அதே பாடம். இப்படி வருடத்துக்கு நூற்றுக்கணக்கான தடவை பயிற்சி பெற்ற நாய், கேற் ஒருநாள் திறந்திருந்தால் என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. நாயைத் திருத்துவதற்கு முன் கேற்றைத் திருத்துங்கள். கம்பிக் கேற் என்றால் உட்புறம் நெஞ்சுயரம் வரை தகடோ நெருக்கமான வலையோ அடித்தால் கையும் உள்ளே வராது, மூக்கும் வெளியே போகாது, நாய் தெருவைப் பார்ப்பதும் குறையும். கேற் தானாக மூடும்படி ஸ்பிரிங் போடுங்கள். முடிந்தால் கேற்றுக்கும் வீட்டுக் கதவுக்கும் இடையில் இன்னொரு சின்னத் தடுப்பு. ஒன்று திறந்தால் மற்றது மூடியிருக்க வேண்டும். அழைப்பு மணி, தபால் பெட்டி, தண்ணீர், மின்சார மானிகள் நாய் எட்டாத இடத்தில் இருக்கட்டும். மானியை மாற்ற முடியாவிட்டால், வாசிக்க வரும்போது நாயை அறையில் பூட்டுவது யாருடைய வேலை என்று வீட்டில் முடிவு செய்துகொள்ளுங்கள். நாயை நடத்திச் செல்வது வேலையாள் என்றாலும் கேள்வி உங்களிடம்தான் வரும்.

"நாய் கவனம்" பலகை இருபக்கமும் கூர்மையான கத்தி. வருபவரை எச்சரித்தீர்கள் என்பதற்கு அது சாட்சி. நாய் ஆபத்தானது என்று உங்களுக்குத் தெரியும் என்பதற்கும் அதுவே சாட்சி. என் அபிப்பிராயத்தில் போடுவதே நல்லது, மூன்று மொழியிலும், படத்தோடு. ஆனால் பலகையைத் தொங்கவிட்டுக் கேற்றைத் திறந்து வைப்பது பலகையே இல்லாததைவிட மோசம்.

தெருவில் நடத்தும்போது கையில் பிடிக்கும் பட்டி ஒன்றரை மீற்றர், நீளம் மாறாதது போதும். இழுபட்டு நீளும் வகை வேண்டாம், அது சரியான நேரத்தில் பூட்டுப்படாது. பயந்த நாய் முன்னால் இழுப்பதைவிட பின்னால் நழுவித்தான் தப்பும். ஆகவே கழுத்துப் பட்டியும் ஹார்னஸும் (நெஞ்சைச் சுற்றி மாட்டும் பட்டி) இரண்டும் மாட்டி, இரண்டிலும் கொளுவுங்கள். கழுத்துப் பட்டிக்குள் இரண்டு விரல் மட்டும் நுழைய வேண்டும். வாய்க்கூடு (கடையில் மசல் என்று கேளுங்கள்) கூடை வடிவில் இருக்கட்டும். துணிக் குழாய் வகை போட்டால் நாயால் நாக்கை நீட்டி மூச்சிரைக்க முடியாது, கொழும்பு வெக்கையில் பத்து நிமிடத்திலேயே ஆபத்து. முதல் நாளே மாட்டிக் கொண்டுபோகக் கூடாது. உள்ளே இறைச்சித் துண்டு வைத்து, நாயே மூக்கை விடப் பழகும்வரை ஒன்றிரண்டு கிழமை எடுத்துக்கொள்ளுங்கள். உறுமினால் அடிக்கவே வேண்டாம். உறுமல் எச்சரிக்கை மணி. அதை அடித்து நிறுத்தினால் அடுத்த தடவை மணி அடிக்காமலே கடிக்கும். அதற்கும் முந்திய அடையாளங்கள் உதட்டை நக்குவது, காரணமில்லாத கொட்டாவி, கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது, அப்படியே உறைந்து நிற்பது. தீபாவளி, டிசம்பர் 31, தேர்தல் முடிவு, கிரிக்கெட் வெற்றி ஆகிய இரவுகளில் நாய் உள்ளறையில் இருக்க வேண்டும். மருந்து வேண்டுமென்றால் அதற்கு முந்திய நாள் அல்ல, கிழமைகளுக்கு முன்பே மிருக வைத்தியரைப் பாருங்கள். இப்படிப் பார்த்ததற்கான துண்டுகளையும் பயிற்சியாளர் பற்றுச்சீட்டுகளையும் எறிய வேண்டாம். நீங்கள் கவனமெடுத்தீர்கள் என்று காட்டும் ஆவணங்கள் அவை.

காப்புறுதி. செல்லப்பிராணிக் காப்புறுதி என்ற பெயரில் வருவது அடிப்படையில் நாயின் வைத்தியச் செலவுக்கானது. உங்களுக்குத் தேவை மூன்றாம் தரப்பினருக்கான பொறுப்புக் காப்புறுதி. அதைத் தேட வேண்டிய இடம் வீட்டுக் காப்புறுதிப் பத்திரத்தில் உள்ள தனிநபர் அல்லது பொதுமக்கள் பொறுப்புப் பகுதி. முகவர் "எல்லாம் கவர் ஆகும்" என்பார். அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். கேட்க வேண்டியவை: மிருகங்களால் வரும் பொறுப்பு விலக்கப்பட்டிருக்கிறதா? வளவுக்குள் மட்டுமா, காலி வீதியில் நடந்தாலும் செல்லுமா? ஒரு சம்பவத்துக்கு உச்ச வரம்பு எவ்வளவு, சட்டத்தரணி செலவு அதற்குள்ளா வெளியிலா? முதலில் என் கையிலிருந்து எவ்வளவு போகும்? குறிப்பிட்ட நாய் இனங்கள் விலக்கா? குடும்பத்தவரும் வீட்டு வேலையாட்களும் பொதுவாக இதில் "மூன்றாம் தரப்பு" அல்ல. வேலையாளுக்குத் தனியாகக் கேளுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் மறைக்காமல் சொல்வது. காப்புறுதி ஒப்பந்தம் முழு நன்னம்பிக்கையில் நிற்பது. விண்ணப்பத்தில் "மூர்க்கமான நாய் உண்டா" என்று கேட்டு நீங்கள் "இல்லை" என்று போட்டிருக்க, மிருக வைத்தியரின் குறிப்பில் "பயத்தால் பாய்கிறது" என்று இருந்தால், கோரிக்கையை நிராகரிக்க அவர்களுக்கு அது போதும். "பயந்த சுபாவம், கடித்ததில்லை, வெளியே வாய்க்கூட்டுடன் மட்டும்" என்று எழுதிக் கொடுத்து, பிரதியில் முத்திரை வாங்குங்கள். கட்டுப்பணம் கூடினாலும் பரவாயில்லை. பின்பு நியாயமின்றி மறுத்தால் காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடம் முறையிடலாம். தொடர்மாடியில் இருப்பவர்கள் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் (கட்டடத்தை நிர்வகிக்கும் வீட்டு உரிமையாளர் அமைப்பு) விதிகளையும் பாருங்கள். மின்தூக்கியில் நடக்கும் கடிக்குக் கட்டடத்தின் காப்புறுதி உங்களைக் காக்கும் என்று நினைக்க வேண்டாம்.

கடி நடந்தேவிட்டால் நாயைப் பூட்டிவிட்டு முதலில் காயம். ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், கோப்பித்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். நீங்களே கடிபட்டவரை அரசாங்க வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள். தேசிய வைத்தியசாலையில் இதற்கென்றே பிரிவு உண்டு. ஊசிப் புத்தகத்தைக் காட்டுங்கள். தொடர்ச்சியாக ஊசி போட்ட, வீட்டில் கட்டி வைத்துக் கவனிக்கக்கூடிய நாயா என்பதைப் பொறுத்து வைத்தியரின் முடிவு மாறும். நாயை 14 நாள் கவனிக்க வேண்டும். பயந்துபோய் அதை ஊருக்கு அனுப்புவதும், கொல்வதும், யாருக்காவது கொடுப்பதும் செய்யக் கூடாத காரியங்கள்: அந்த மனிதருக்கு முழு ஊசியும் ஏற்ற வேண்டிவரும், உங்கள் மீது சாட்சியை அழித்த சந்தேகமும் விழும்.

அன்றைக்கே காப்புறுதிக் கம்பனிக்கு எழுத்தில் அறிவியுங்கள். மன்னிப்புக் கேட்கலாம், பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்க்கலாம், தாராளமாக. ஆனால் "முழுப் பொறுப்பும் என்னுடையது" என்று எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டாம். கம்பனியின் சம்மதம் இல்லாமல் பொறுப்பை ஏற்றால் பல பத்திரங்கள் செல்லாமல் போகும். மருந்துச் செலவைக் கொடுத்தால் பற்றுச்சீட்டில் "பொறுப்பை ஏற்காமல், மனிதாபிமான அடிப்படையில்" என்று எழுதுங்கள். பொலிஸிலோ மத்தியஸ்த சபையிலோ சமாதானமானால், தொகை, திகதி, இச்சம்பவம் தொடர்பாக மேலதிகக் கோரிக்கை இல்லை என்ற மூன்றும் அந்தத் தாளில் இருக்க வேண்டும், கடிபட்டவர் பிள்ளை என்றால் தாய் அல்லது தகப்பனின் கையெழுத்தோடு.