லிட்டர் பைக்குக்கு டயர் மாற்றும் முன்

கேள்வி: வணக்கம் சார். கோவையிலிருந்து எழுதுகிறேன். என்னிடம் 2021 மாடல் கவாசாகி நின்ஜா இசட்எக்ஸ்-10ஆர் இருக்கிறது, லிட்டர் பைக் (சுமார் 1000 சிசி எஞ்சின்). வண்டியோடு வந்த பிரிட்ஜ்ஸ்டோன் ஆர்எஸ்11 டயர்தான் இன்னும் ஓடுகிறது. பின் டயர் நடுவில் வழவழவென்று ஆகிவிட்டது, முன் டயரில் பாதி மிச்சம் இருக்கிற மாதிரி தெரிகிறது. ஞாயிறு காலையில் வால்பாறை அல்லது ஊட்டி போவேன். மற்ற நேரம் சேலம்–கொச்சி நெடுஞ்சாலை. வருஷத்துக்கு ஓரிரு முறை செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயில் டிராக் டே, அதாவது பந்தயத் தடத்தில் நம் வண்டியையே ஓட்டிப் பார்க்கும் நாள். கடைக்காரர் பின்னால் 190 மி.மீ. அகல டயருக்குப் பதிலாக 200 போடலாம் என்கிறார். நண்பர் பிரெல்லி சூப்பர்கோர்சாதான் இந்த வண்டிக்குச் சரி என்கிறார். பின் டயர் மட்டும் மாற்றினால் போதுமா? எதை வாங்கலாம்?

பதில்: முதலில் ஒரு விஷயம். பின் டயர் வழவழவென்று ஆகிவிட்டது என்றால், புது டயர் வரும்வரை இந்த வண்டியை மலைக்கும் நெடுஞ்சாலைக்கும் எடுக்க வேண்டாம். நம் மோட்டார் வாகன விதிப்படி இருசக்கர வாகன டயரில் 0.8 மி.மீ. பட்டன் ஆழம் (டயரில் வெட்டியிருக்கும் கோடுகளின் ஆழம்) இருந்தால் போதும். ஆனால் கவாசாகி தன் ஸ்போர்ட் பைக் கையேடுகளில் அதைவிடக் கறாராகச் சொல்கிறது: முன் டயரில் குறைந்தது 1 மி.மீ., பின் டயரில் 2 மி.மீ., மணிக்கு 130 கி.மீ.க்கு மேல் ஓட்டுபவர் என்றால் பின்னால் 3 மி.மீ. இருநூறு குதிரைத்திறனுக்கு மேல் தரும் எஞ்சினின் மொத்த பலமும் தரையில் இறங்குவது உள்ளங்கை அகலமே உள்ள ரப்பர் வழியாகத்தான். சட்டம் சொல்லும் குறைந்தபட்சத்தை வைத்து இந்த வண்டிக்குக் கணக்குப் போடக் கூடாது.

இப்போது நண்பரின் யோசனைக்கு வருவோம். சூப்பர்கோர்சா எஸ்பி அருமையான டயர், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நீங்கள் தேய்த்து முடித்திருக்கும் ஆர்எஸ்11-உம் கிட்டத்தட்ட அதே இனம்தான். சாலையில் ஓட்ட அனுமதி உள்ள, ஆனால் டிராக்கை மனதில் வைத்துச் செய்த டயர். இசட்எக்ஸ்-10ஆர் மாதிரி வண்டிகளைக் கம்பெனிக்காரர்கள் பந்தயத் தடத்தில் எவ்வளவு வேகமாகச் சுற்றும் என்று காட்டித்தான் விற்கிறார்கள், டயரையும் அதற்கேற்பவே தேர்ந்தெடுக்கிறார்கள். ஆகவே "வண்டியோடு வந்ததே சிறந்தது" என்ற நம்பிக்கை அளவு விஷயத்தில் சரி, வகை விஷயத்தில் அப்படியே சரியாகாது. உங்கள் ஓட்டத்தில் பெரும்பகுதி எங்கே நடக்கிறது என்று பாருங்கள். நெடுஞ்சாலையும் மலைச் சாலையும்தான். டிராக் வருஷத்துக்கு ஓரிரு நாள்.

டிராக் வகை டயரின் ஓரங்களில் கிட்டத்தட்டக் கோடே இருக்காது. நன்றாகச் சாய்க்கும்போது தரையில் அதிக ரப்பர் படவேண்டும் என்பதற்காக அப்படி. அந்த ரப்பர் நன்கு சூடானபிறகுதான் முழுப் பிடிப்பையும் தரும். டிராக்கில் இரண்டு மூன்று சுற்றில் அந்தச் சூடு வந்துவிடும், அடுத்தடுத்த வளைவுகளில் நிலைக்கவும் செய்யும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் என்ன நடக்கிறது? ஒரு வளைவில் பஸ்ஸுக்கு ஒதுங்கி நிற்கிறீர்கள், அடுத்ததில் முதல் கியரில் நகர்கிறீர்கள். அட்டகட்டி தாண்டினால் மூடுபனி, ஈரச் சாலை. டயர் சூடாவதற்குள் ஆறிவிடுகிறது. தென்மேற்குப் பருவமழையில் வால்பாறை எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்றான சின்னக்கல்லார் அங்கேதான் இருக்கிறது. தண்ணீரை வெளியேற்றக் கோடுகள் குறைவாக உள்ள ஒரு டயரை அந்தச் சாலைக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

அதற்காக நேர் எதிராக ஸ்போர்ட்-டூரிங் டயருக்குப் போக வேண்டுமா என்றால், அதுவும் உங்களுக்குத் தேவைப்படாது. மிஷெலின் ரோட் 6, மெட்ஸெலர் ரோட்டெக் 01, பிரெல்லி ஏஞ்சல் ஜிடி 2 போன்றவை மழையிலும் குளிரிலும் உடனே பிடிக்கும், நெடுநாள் உழைக்கும். நீண்ட பயணமே முக்கியம் என்றால் இவற்றையே சொல்வேன். மதுரை டிவிஎஸ் ஸ்ரீசக்ராவின் யூரோகிரிப் ரோட்ஹவுண்டும் இந்த வகைதான். பெரிய பைக்குகளுக்கு நம்மூர் கம்பெனி ஒன்று ரேடியல் டயர் செய்வது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. ஆனால் டிராக் டேயில் இந்த வண்டியின் முழு பலத்தையும் வளைவிலிருந்து வெளியேறும்போது திறந்துவிட்டால் டூரிங் டயர் அளவுக்கு மீறிச் சூடாகும், பின்பக்கம் வழுக்கத் தொடங்கும்.

உங்களுக்குப் பொருந்துவது இரண்டுக்கும் இடைப்பட்ட ஸ்போர்ட் வகை. பிரிட்ஜ்ஸ்டோன் எஸ்23, பிரெல்லி டியாப்லோ ரோஸ்ஸோ 4, மிஷெலின் பவர் 6, மெட்ஸெலர் ஸ்போர்டெக் எம்9 ஆர்ஆர் ஆகிய நான்கில் எது கிடைத்தாலும் யோசிக்காமல் போடலாம். இவற்றின் பின் டயரில் நடுப்பகுதிக்கு ஒரு ரப்பர், ஓரங்களுக்கு அதைவிட மென்மையான ரப்பர். நடுப்பகுதி நெடுஞ்சாலையில் சீக்கிரம் கரையாது, ஓரம் வளைவில் பிடிக்கும். ரப்பரில் சிலிக்கா கலந்திருப்பதால் ஈரத்திலும், கிளம்பியவுடனேயும் நம்பி ஓட்டலாம். நான்குக்கும் நடுவே வித்தியாசம் உண்டு, ஆனால் அது மிகச் சிறியது. சரியான அளவில், புதிய தேதியில் எது கையில் கிடைக்கிறதோ அதை வாங்குங்கள் என்பதுதான் என் கருத்து.

தேதியை ஏன் சொல்கிறேன் என்றால், 2020 ஜூனில் மத்திய அரசு புது டயர் இறக்குமதியைக் கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலுக்கு மாற்றியது, மோட்டார் சைக்கிள் டயரும் அதில் அடக்கம். உரிமம் இருந்தால்தான் கொண்டுவர முடியும் என்றானதும் பெரிய பைக் டயர்கள் கிடைப்பது கடினமாயிற்று, விலையும் ஏறியது. அதனால் கடையில் நெடுநாள் கிடந்த சரக்கும் "கிடைப்பதே பெரிது" என்று விலைபோகிறது. டயரின் பக்கச் சுவரில் 'டாட்' என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 2324 என்றிருந்தால் 2024-ஆம் வருஷத்தின் 23-ஆவது வாரம் செய்தது. ஓரிரு வருஷப் பழசு, நிழலில் வைத்திருந்தது என்றால் பயமில்லை. நான்கைந்து வருஷம் ஆனதை எவ்வளவு தள்ளுபடி தந்தாலும் வாங்காதீர்கள், ரப்பர் இறுகத் தொடங்கியிருக்கும். முன், பின் இரண்டுக்கும் தனித்தனியாகத் தேதி பார்க்க வேண்டும். கடையில் ஜோடியாகக் கட்டி வைத்திருப்பதால் இரண்டும் ஒரே சமயத்தில் வந்தவை என்று நினைத்துவிடக் கூடாது.

அடுத்து கடைக்காரர் சொன்ன 200. உங்கள் வண்டிக்கான அளவு முன்னால் 120/70 இசட்ஆர் 17, பின்னால் 190/55 இசட்ஆர் 17. இதில் 190 என்பது மில்லிமீட்டரில் அகலம். 55 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச் சுவரின் உயரம் என்பது, அதாவது சுமார் 104.5 மி.மீ. 200/55 போட்டால் அந்த உயரம் 110 மி.மீ. ஆகும். அகலம் கூடுவதைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள், வண்டியின் பின்பக்கம் 5.5 மி.மீ. தூக்கப்படுவதை யாரும் கவனிப்பதில்லை. பின்பக்கம் உயர்ந்தால் முன்னால் ஃபோர்க்கின் சாய்வு மாறும், வண்டி வளைவுக்குள் விழும் வேகம் மாறும். அதோடு, உங்கள் வண்டியின் டிராக்ஷன் கண்ட்ரோல் முன் சக்கரமும் பின் சக்கரமும் சுற்றும் வேகத்தை ஒப்பிட்டுத்தான் பின் டயர் வழுக்குகிறதா என்று முடிவு செய்கிறது. டயரின் விட்டம் மாறினால் அந்தக் கணக்கும் நகர்கிறது.

பந்தயக்காரர்கள் 200 போடுகிறார்கள் என்பது உண்மைதான். உங்கள் 6 அங்குல ரிம்மில் அது உட்காரவும் செய்யும். ஆனால் அவர்கள் சஸ்பென்ஷனையும் எலக்ட்ரானிக்ஸையும் அதற்கேற்ப மாற்றிவிட்டுத்தான் போடுகிறார்கள். சாலையில் உங்களுக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை. இதேபோல் "190/55 இல்லை, 190/50 இருக்கிறது, ரெண்டும் ஒண்ணுதான்" என்று யாராவது சொன்னால் அதையும் ஏற்காதீர்கள். இரண்டுக்கும் விட்டத்தில் 19 மி.மீ. வித்தியாசம், அது 200-ஐவிடப் பெரிய மாற்றம். பின்பக்கம் தாழ்ந்து வண்டி திரும்ப மறுக்கும்.

அளவுக்குப் பின்னால் இருக்கும் எழுத்துகளையும் படியுங்கள். பின் டயரில் அடைப்புக்குறிக்குள் 75 டபிள்யூ என்று இருக்கும். 75 என்பது 387 கிலோ சுமையைத் தாங்கும் குறியீடு. டபிள்யூ என்றால் மணிக்கு 270 கி.மீ., அதை அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தால் அதற்கும் மேல். முன் டயரில் 58 என்றிருக்கும், 236 கிலோ. நான் அவ்வளவு வேகம் போவதே இல்லையே என்று ஒரு படி குறைந்த டயரைப் போட நினைக்காதீர்கள். அந்தக் குறியீடு வேகத்தை மட்டும் குறிப்பதில்லை. பலமாக முடுக்கும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் எழும் சூட்டையும் விசையையும் தாங்கும் கட்டுமானம் அதற்குள் இருக்கிறது.

பின் டயர் மட்டும் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். இந்த ஒரு முறை ஜோடியாகவே மாற்றுங்கள். நீங்கள் ஆர்எஸ்11-ஐ விட்டு வேறு வகைக்குப் போகிறீர்கள். முன்னால் டிராக் வகை, பின்னால் ஸ்போர்ட் வகை என்றால் இரண்டின் வளைவு வடிவமும், சூடாகும் நேரமும், ஈரத்தில் பிடிப்பும் வேறு வேறாக இருக்கும். குளிர்ந்த காலையில் பின்னால் பிடிப்பு வந்திருக்கும், முன்னால் வந்திருக்காது. பின்பக்கம் லேசாக வழுக்கினால் சமாளிக்கலாம், முன்பக்கம் வழுக்கினால் பெரும்பாலும் கீழேதான். இன்னொரு காரணமும் உண்டு. முன் டயர் நடுவில் நன்றாகத் தெரிந்தாலும், மலையில் பிரேக் பிடித்தபடியே வளைவுக்குள் இறங்குபவர்களுக்கு அது இரு ஓரங்களிலும் முக்கோணமாகத் தேயும். கையால் குறுக்கே தடவிப் பாருங்கள், மேடு தெரியும். ஒரே மாடல் ஜோடி ஒருமுறை ஓடத் தொடங்கிவிட்டால், அடுத்த தடவை பின் டயரை மட்டும் மாற்றுவதில் தவறில்லை.

மாட்டும் இடத்திலும் கவனம் வேண்டும். கடப்பாறை வைத்து நெம்பும் கடை வேண்டாம், ரிம் கீறிவிடும். டயர் மாற்றும் இயந்திரமும் பேலன்சிங் வசதியும் உள்ள இடமாகப் பாருங்கள். சுழலும் திசை அம்புக்குறி சரியாக இருக்கிறதா, வால்வ் புதிதா, பின் சக்கரத்தைக் கழற்றி மாட்டியபிறகு செயின் தளர்வையும் சக்கரம் நேராக இருப்பதையும் சரிபார்த்தார்களா என்று கூடவே நின்று பாருங்கள். நைட்ரஜன் போடலாமா என்று கேட்பார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான், செலவு தேவையில்லை.

காற்றழுத்தம் முன்னால் 36 பிஎஸ்ஐ, பின்னால் 42 பிஎஸ்ஐ, டயர் ஆறியிருக்கும்போது. பெட்ரோல் பங்க் வரை ஓட்டிப் போய் அளந்தால் அதற்குள் சூடேறி ஓரிரு பிஎஸ்ஐ கூடத்தான் காட்டும், அதைக் குறைத்துவிட்டால் உண்மையில் காற்று குறைவாக ஓட்டுவீர்கள். ஒரு நல்ல கேஜ் வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டு, ஞாயிறு கிளம்பும் முன் பாருங்கள்.

முதல் 150, 200 கி.மீ. நிதானம். புது டயரின் மேல்பரப்பு அச்சிலிருந்து வந்த வழவழப்போடு இருக்கும். திடீர் முடுக்கம், திடீர் பிரேக் இல்லாமல், சாய்வைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். டயர் மாட்டிய மறுநாளே வால்பாறை கிளம்ப வேண்டாம், பொள்ளாச்சி வரை இரண்டு முறை போய்வந்தால் போதும்.

பஞ்சர் ஆனால்? நடுப்பகுதியில் சின்ன ஆணி என்றால் பிளக் போட்டு மெதுவாக வீடு சேரலாம், அவ்வளவுதான். அதே பிளக்கோடு நெடுஞ்சாலையில் விரட்டுவதும் டிராக்கில் இறங்குவதும் ஆபத்து. ஓரத்திலோ பக்கச் சுவரிலோ ஓட்டை என்றால் டயரை மாற்றத்தான் வேண்டும்.

டிராக் டே அன்று, நீங்கள் வாங்கும் டயரின் கம்பெனி டிராக்குக்கு என்று தனியாகத் தரும் அழுத்த அளவைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அது சாலை அளவைவிடக் குறைவாக இருக்கும். முதல் இரண்டு சுற்று சூடாக்குவதற்கு மட்டும். செட்டிபாளையத்திலிருந்து வீட்டுக்குக் கிளம்பும் முன், டயர் நன்றாக ஆறியபிறகு, 36-க்கும் 42-க்கும் காற்றை ஏற்றிக்கொள்ளுங்கள்.