ஞாயிற்றுக்கிழமை வொண்டர்லா: ஃபாஸ்ட்டிராக் சீட்டு தேவையா?

வணக்கம். திருவொற்றியூரிலிருந்து பன்னிரண்டு வயது மகன், ஒன்பது வயது மகளுடன் நால்வராகக் காரில் திருப்போரூர் வொண்டர்லா பொழுதுபோக்குப் பூங்காவுக்கு ஞாயிறன்று செல்லவிருப்பதாகவும், வரிசையைத் தவிர்க்க அனைவருக்கும் ஃபாஸ்ட்டிராக் சீட்டு வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள்.

முதலில் செல்லும் நாளை மாற்ற முடியுமா என்று பாருங்கள். பள்ளி நடக்கும் வார நாளில் கூட்டம் குறைவு என்பதால், அன்று ஃபாஸ்ட்டிராக்குக்குக் கூடுதலாகக் கொடுப்பது வீண் செலவு என்பதே என் கருத்து. ஞாயிறுதான் முடியும் என்றால், பெரிய ரோலர் கோஸ்டர்களில் ஏறப்போகும் இருவருக்கு மட்டும் அதை வாங்கி, மற்ற இருவருக்குச் சாதாரணச் சீட்டு எடுங்கள். காணும் பொங்கலையொட்டிய நாள்களில் மட்டும் எந்தச் சீட்டோடும் போக வேண்டாம்.

குழந்தைகளுக்கான கட்டணம் அங்கே வயதைப் பொறுத்ததன்று, உயரத்தைப் பொறுத்தது: 85 செ.மீ. முதல் 140 செ.மீ. வரை சிறுவர் சீட்டு, அதற்கு மேல் பெரியவர் கட்டணம். ஆகவே மகனைச் செருப்பில்லாமல் சுவரோடு நிறுத்தி, இன்ச் டேப்பால் அளந்த பிறகே முன்பதிவு செய்யுங்கள். அந்த வயதில் பிள்ளைகள் நாம் கவனிக்காதபோதே வளர்ந்துவிடுகிறார்கள்.

நகருக்குள் நுழையாமல் மீஞ்சூர்–வண்டலூர் வெளிவட்டச் சாலையில் சென்று, கேளம்பாக்கம் வழியாகத் திருப்போரூரை அடையலாம். தூரம் கூடினாலும் சிக்னல்கள் குறைவு, மணலி புதுநகர் வரை மட்டும் கன்டெய்னர் லாரிகள் நெருக்கும். பூங்கா திறப்பதற்கு முன்பே சேர்ந்துவிட்டால் வண்டி நிறுத்தச் சிரமமிராது. மாலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் வெளியேறுவதால், மூடுவதற்கு அரை மணி முன்னதாகக் கிளம்பிவிடுங்கள்.