வரிசையின் கடைசி இடம்

கேள்வி: பன்னிரண்டு பேர் கொண்ட குழுவுடன் பல நாள் சைக்கிள் பயணம் செல்கிறேன். நாளொன்றுக்கு ஏறத்தாழ 110 கிலோமீட்டர், மணிக்கு 22 கிலோமீட்டர் வேகத்தில். குழுவில் மெதுவாக ஓட்டுபவன் நான்தான் என்பதால், யாருக்கும் இடையூறாக இருக்க வேண்டாமென்று எப்போதும் கடைசியிலேயே வருகிறேன். அப்படியும் பிற்பகலில் கால்கள் ஓய்ந்து பின்தங்கிவிடுகிறேன். பயிற்சி போதவில்லையா?

பதில்: பயிற்சியைக் குறை சொல்வதற்கு முன், வரிசையில் உங்கள் இடத்தை மாற்றிப் பாருங்கள். அடக்கத்தின் காரணமாக நீங்கள் தேர்ந்தெடுத்த கடைசி இடம், மெதுவாக ஓட்டுபவருக்குச் சற்றும் பொருந்தாத இடம்.

ஒரு கூர்மையான வளைவை எண்ணிப் பாருங்கள். முதலில் செல்பவர் வேகத்தைக் குறைத்துத் திரும்பி, மீண்டும் மிதித்து வேகமெடுக்கும்போது, பன்னிரண்டாமவர் இன்னும் பிரேக்கைப் பிடித்தபடி வளைவை நெருங்கிக்கொண்டிருப்பார். அவர் வளைவைக் கடந்து நிமிரும்போது முன்னிருப்பவர்கள் வெகுதூரம் போயிருப்பார்கள். இடைவெளியை மூட வேண்டுமானால் அவர்களைவிட வேகமாக ஓட்டியாக வேண்டும். சந்திப்பு, வேகத்தடை, குழி என்று ஒவ்வொன்றிலும் இதே கதை திரும்ப நிகழ்கிறது. முன்னால் இருப்பவர் சீராக ஓட்டியதாக நினைத்துக்கொண்டிருக்கும் அதே சாலையை, நீங்கள் நாள் முழுவதும் துரத்தி ஓட்டியிருப்பீர்கள்.

இந்தத் துரத்தல் எவ்வளவு விலை கேட்கிறது என்பதைக் கணக்கிட்டே சொல்லலாம். காற்றை எதிர்க்கத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடியாக உயர்வதால், காற்றடிக்காத சமதரையில் மணிக்கு 20 கிலோமீட்டரை 25 ஆக்கினால் அந்தச் செலவு ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. அதோடு, இடைவெளி விழுந்த அந்த நேரத்தில் காற்றைத் தடுக்கும் முன்னவர் முதுகின் மறைவும் உங்களுக்குக் கிடைப்பதில்லை. மணிக்கு 32 கிலோமீட்டர் வேகத்தில் ஒருவரை ஒட்டிப் பின்தொடர்ந்தால் உழைப்பில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு மிச்சமாகும். உங்கள் குழுவின் வேகத்தில் இது குறைவுதான் என்றாலும், ஐந்து மணி நேரத்துக்கு அதைச் சேர்த்துப் பார்த்தால் சிறிய தொகையல்ல.

ஆகவே இரண்டாவது அல்லது மூன்றாவது இடத்தில் ஓட்டுங்கள். குழுவிலேயே வலுவான ஒருவரைக் கடைசியில் வரச் சொல்லுங்கள். துரத்திப் பிடிக்கும் கால்கள் அவருக்குத்தான் உண்டு, யாருக்காவது டியூப் பஞ்சரானால் நின்று உதவவும் அவரால் முடியும். முன்னே செல்பவர் வளைவைத் தாண்டியதும், கடைசி ஆள் திரும்பிவிட்டார் என்ற குரல் கேட்கும்வரை வேகத்தைக் கூட்டாமலிருப்பதும் அவசியம். தலைமை மாறும்போது புதிதாக முன்னே வருபவர் தம் வலிமையைக் காட்ட இரண்டு கிலோமீட்டர் வேகம் கூட்டுவது பெரும்பாலான குழுக்களில் காணப்படும் வழக்கம். குழு சிதறுவதற்கு மேடுகளைவிட இந்த உற்சாகமே காரணம் என்பது என் எண்ணம். இத்தாலியில் தொடங்கி பிரான்சில் வடிவம் பெற்ற ஆடாக்ஸ் என்னும் நெடுந்தூரக் குழு ஓட்ட முறையில் குழுத்தலைவர் மணிக்கு 22.5 கிலோமீட்டர் என்ற சீரான வேகத்தைக் காப்பார், அவரை யாரும் முந்திச் செல்லக் கூடாது. ஒரு நாளாவது அப்படி ஓட்டிப் பாருங்கள்.

செங்குத்தான ஏற்றங்களில் மட்டும் இந்த வரிசையை மறந்துவிடலாம். அங்கே வேகம் குறைவாக இருப்பதால் முன்னவரின் மறைவு பயன்படாது. அவரவர் வேகத்தில் ஏறி, உச்சியில் சேர்ந்துகொள்வதே நல்லது.

கேள்வி: நாங்கள் மணிக்கு 22 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டியும் இருட்டிய பிறகுதான் தங்குமிடம் சேர்கிறோம். 24 ஆக உயர்த்தலாமா?

பதில்: 110 கிலோமீட்டரை 22 வேகத்தில் கடக்க ஐந்து மணி நேரம் ஆகும். 24 வேகத்தில் ஓட்டினால் நீங்கள் மிச்சம் பிடிப்பது 25 நிமிடம். நாளில் ஐந்து முறை நிறுத்தி, ஒவ்வொரு முறையும் கிளம்புவதற்குப் பதினைந்து நிமிடம் தாமதித்தால் போவது ஒன்றேகால் மணி நேரம். ஒருவர் தண்ணீர்க் குப்பியை நிரப்பி முடிக்கும்போது அடுத்தவர் கையுறையைத் தேடத் தொடங்குவார். பன்னிரண்டு பேர் குழுவில் நேரம் போகும் வழி இதுதான். நிறுத்தும்போதே கிளம்பும் நேரத்தைச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: பசியே எடுக்காத நிலையில் திடீரென்று மிதிக்கவே முடியாமல் போனது ஏன்?

பதில்: தசைகளிலும் கல்லீரலிலும் சேமித்த கிளைகோஜன் என்னும் சர்க்கரை இருப்பு தீர்ந்திருக்கலாம். உழைக்கும் உடல் பசியைத் தாமதமாகவே தெரிவிக்கும் என்பதால் அதை நம்பிக் காத்திருக்கக் கூடாது. முதல் மணி நேரத்திலிருந்தே மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போகும்படி, சட்டைப்பையிலிருந்து சிறிது சிறிதாகச் சாப்பிட்டு வாருங்கள்.

கேள்வி: இரு சைக்கிள்களின் சக்கரங்கள் உரசினால் யார் விழுவார்?

பதில்: பெரும்பாலும் பின்னால் வருபவர்தான். முன்னவரின் பின்சக்கரம் உரசலைத் தாங்கிக்கொண்டு போய்விடும். பின்னவரின் முன்சக்கரமோ திரும்ப வழியில்லாமல் போக, சமநிலை காக்கும் வாய்ப்பே அவர் கையை விட்டுப் போகிறது. எனவே உங்கள் முன்சக்கரம் எந்த நிலையிலும் முன்னவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் நுழையாமல், அதற்குப் பின்னாலேயே இருக்கட்டும்.