குடும்பத்தோடு ராஜஸ்தான் பாலைவனம்: கேள்வியும் பதிலும்

மேற்கு ராஜஸ்தானின் ஜோத்பூர், ஜெய்சால்மர் வட்டாரத்துக்குக் குடும்பத்தோடு செல்லத் திட்டமிடுவோர் கேட்ட கேள்விகளுக்கு, அப்பகுதியில் நெடுங்காலம் பணிபுரிந்தவன் என்ற முறையில் பதில் எழுதியிருக்கிறேன். தார்ப் பாலைவனம் என்றதும் மணல்மேடும் ஒட்டகமும் மட்டுமே மனத்தில் எழுகின்றன. மரமும் பறவையும் குளமும் வயலும் உள்ள நிலம் அது என்பதைப் பிள்ளைகள் நேரில் பார்த்துவிட்டு வர வேண்டும் என்பதே என் விருப்பம்.

மதுரை வாசகர்: பிள்ளைகளுக்கு மே மாதத்தில்தான் நீண்ட விடுமுறை. அப்போது போகலாமா, ஐயா?

தயவுசெய்து வேண்டாம். ஜோத்பூருக்கும் ஜெய்சால்மருக்கும் இடையிலுள்ள பலோடியில் 2016 மே 19 அன்று 51 டிகிரி செல்சியஸ் வெப்பம் பதிவானது. ‘லூ’ என்று அங்கே சொல்லப்படும் அனல்காற்று வீசும் நாட்களில் உள்ளூர் மக்களே நண்பகலில் வெளியே வருவதில்லை. நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். அரையாண்டு விடுமுறையில் கூட்டமும் அறை வாடகையும் உச்சத்தில் இருக்கும். பொங்கல் விடுமுறையோடு இரண்டொரு நாள் சேர்த்துக்கொள்ள முடிந்தால் அதுவே நல்லது. ஆனால் குளிரைக் குறைவாக எடை போடாதீர்கள். காற்றில் ஈரமில்லாததாலும் வானம் மேகமின்றித் திறந்திருப்பதாலும் பகலில் வாங்கிய வெப்பத்தை மணல் மாலையிலேயே இழந்துவிடும். பகலில் அரைக்கைச் சட்டை போதுமான அதே ஊரில் ஜனவரி இரவில் கம்பளிச் சட்டையும் குல்லாயும் காலுறையும் இல்லாமல் குழந்தையை வெளியே அழைத்து வர முடியாது.

தஞ்சாவூர் வாசகர்: ஒரு வாரத்தில் ஜெய்ப்பூர், உதய்ப்பூர், ஜோத்பூர், ஜெய்சால்மர் நான்கையும் பார்த்துவிட முடியுமா? ரயிலில் போக வழி உண்டா?

முடியும், ஆனால் பிள்ளைகளின் நினைவில் காரின் சன்னல் மட்டுமே மிஞ்சும். ஜோத்பூரிலிருந்து ஜெய்சால்மர் ஏறத்தாழ 280 கிலோமீட்டர். சாலையில் ஐந்து மணி நேரம் ஆகும். ஜோத்பூரில் இரண்டு நாள், ஜெய்சால்மரில் மூன்று நாள், இடையில் கொக்குகள் வந்திறங்கும் கீச்சன் ஊரில் ஒரு காலைப்பொழுது என்று வைத்துக்கொண்டால் ஒரு வாரம் நிறைவாக இருக்கும். உங்கள் பக்கத்து மன்னார்குடியிலிருந்தே ஜோத்பூரின் பகத் கி கோட்டி நிலையத்துக்கு வாராந்திர ரயில் இருக்கிறது. பெரியவர்கள் உடன் வந்தால் ஒரு வழியாவது விமானத்தில் செல்லுங்கள்.

கோவை வாசகர்: எட்டு வயது மகனுக்குக் கோட்டையும் அருங்காட்சியகமும் அரை மணி நேரத்தில் சலித்துவிடுகின்றன. ஜோத்பூரில் வெளியில் சுற்றிப் பார்க்க என்ன இருக்கிறது?

ராவ் ஜோதா பாலைவனப் பாறைப் பூங்காவுக்கு அழைத்துச் செல்லுங்கள். நான் யாருக்கு வழி சொன்னாலும் முதலில் சொல்லும் இடம் அதுதான். 1459இல் மன்னர் ராவ் ஜோதா அடித்தளமிட்ட மெஹ்ரான்கர் கோட்டையின் அடிவாரத்தில், ஏறத்தாழ 70 ஹெக்டேர் பரப்பில் கிடக்கும் எரிமலைப் பாறை நிலம் அது. எழுபது கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய அந்த ரயோலைட் பாறையின் மேல்தான் கோட்டையே நிற்கிறது.

நம் கண்மாய்களை விழுங்கிய சீமைக்கருவேலம்தான் இந்த இடத்தையும் மூடியிருந்தது. 2006இல் அதை அகற்றும் பணி தொடங்கியபோது, தரையோடு வெட்டினால் மறுபடியும் தழைத்தது. கோட்டைக்குப் பக்கத்தில் வெடி வைக்கவும் வழியில்லை. கடைசியில் மணற்கல் சுரங்கங்களில் பரம்பரையாக வேலை செய்யும் கண்ட்வாலியா சமூகத்தினர் வந்தார்கள். சுத்தியலால் பாறையைத் தட்டி, எழும் ஓசையைக் கேட்டே அது எங்கே வலுவிழந்திருக்கிறது, விரிசல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அவர்கள் கண்டுபிடித்தார்கள். அந்த இடத்தில் உளி வைத்துப் பாறையைப் பிளந்து வேரோடு எடுத்த பிறகு, அதே குழிகளில் மண் நிரப்பி இந்த நிலத்துக்கே உரிய செடிகளை நட்டார்கள். 2011இல் பூங்கா திறக்கப்பட்டது.

உங்கள் மகனுக்கு இதைச் சொல்லிவிட்டு, காலை எட்டு மணிக்குள் உள்ளே நுழையுங்கள். பாதைகளுக்கு வண்ணக் குறியீடு உண்டு, வழிகாட்டியும் கிடைப்பார். கோட்டையின் குளத்துக்கு மழைநீர் கொண்டு செல்லப் பாறையைக் குடைந்து வெட்டிய வாய்க்காலுக்குள்ளேயே ஒரு பாதை செல்கிறது. ‘தோர்’ என்ற கள்ளி, கோடையில் இலை முழுவதையும் உதிர்த்துவிட்டு மழை வந்ததும் துளிர்க்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் எரியும் என்பதால் குழந்தைகள் ஒடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

திருநெல்வேலி வாசகி: மாமியாருக்கு முழங்கால் வலி. அவரால் எதைப் பார்க்க முடியும்?

மெஹ்ரான்கர் கோட்டையில் கட்டணம் செலுத்தி ஏறும் மின்தூக்கி இருப்பதால் மேல்தளம் வரை சிரமமின்றிப் போகலாம். இறங்கும் வழியில் மட்டும் சரிவு உண்டு. ஜோத்பூரின் பழைய நகரில் உள்ள தூர்ஜி படிக்கிணற்றை மேலிருந்து பார்த்தாலே போதும். 1740களில் மகாராஜா அபய் சிங்கின் அரசி கட்டுவித்தது அது. நெடுங்காலம் குப்பையால் தூர்ந்து கிடந்த அதைத் தூர்வாரி மீட்டிருக்கிறார்கள். சிவந்த கல்லில் படிப்படியாக இறங்கும் கிணற்றின் எதிர்ப்புறம் அமர்ந்து தேநீர் குடித்தபடி ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஜெய்சால்மரில் கதீசர் ஏரிக்கரை சமதளமானது, படகும் உண்டு. ஜெய்சால்மர் கோட்டையின் ஏற்றம் மட்டும் செங்குத்தானது; கல் பாவிய தரை மக்கள் நடந்து நடந்து வழுவழுப்பாகிவிட்டது. அவரை அங்கே வற்புறுத்தி அழைத்துச் செல்ல வேண்டாம்.

சென்னை வாசகர்: ஜெய்சால்மர் கோட்டைக்குள்ளேயே அறை எடுத்துத் தங்கலாமா?

கோட்டையைச் சுற்றிப் பாருங்கள். தங்குவதை வெளியே வைத்துக்கொள்ளுங்கள். 1156இல் ராவல் ஜெய்சல் எழுப்பிய இந்த மஞ்சள் மணற்கல் கோட்டையில் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள். குடத்தில் நீர் சுமந்து வந்த காலத்துக்குப் போதுமாயிருந்த வடிகால், குழாய்நீரும் விடுதிக் குளியலறைகளும் பெருகிய பின் தாங்கவில்லை. நீர் அடிப்பாறைக்குள் கசிந்து கொத்தளங்களையே பெயர்த்திருக்கிறது. கோட்டைக்கு எதிரே மொட்டைமாடி உள்ள விடுதியில் தங்கினால் மாலை வெயிலில் கோட்டை முழுவதும் உங்கள் கண்ணுக்குத் தெரியும். கோட்டைக்கும் பாரம் குறையும்.

ஈரோடு வாசகி: நான்கு வயதுக் குழந்தையை ஒட்டகத்தில் ஏற்றலாமா? பயமாக இருக்கிறது.

தனியாக ஏற்ற வேண்டாம். பெரியவர் ஒருவருக்கு முன்னால் உட்கார வைத்து ஏற்றலாம். விழுவது பெரும்பாலும் ஒட்டகம் எழும்போதும் உட்காரும்போதும்தான். எழும்போது அது பின்னங்கால்களை முதலில் நிமிர்த்தும். அந்த நொடியில் சேணத்தில் இருப்பவர் முன்னால் சரிவார். உட்காரும்போது முன்னங்கால்களை முதலில் மடிக்கும். அப்போதும் முன்பக்கமே சரியும். ஆகவே இரண்டு வேளையிலும் உடலைப் பின்னால் சாய்த்து, ஒரு கையால் சேணத்தையும் மறு கையால் குழந்தையையும் இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள். ஏறுவதற்கு முன் ஒட்டகத்தைச் சுற்றி ஒரு முறை நடந்து பாருங்கள். மூக்கில் குத்தியிருக்கும் முளையைச் சுற்றிப் புண்ணோ, சேணத்தின் கீழே தோல் உரிந்த தழும்போ இருந்தால் அந்த ஒட்டகத்தில் ஏற மறுத்துவிடுங்கள். சவாரி செய்பவர்கள் இதைக் கவனிக்கிறார்கள் என்று தெரிந்தால்தான் அதற்கு மருந்து போடப்படும்.

இடம் என்று கேட்டால், ஜெய்சால்மருக்கு மேற்கே 40 கிலோமீட்டரில் உள்ள ‘சம்’ மணல்மேடுகள் பெரியவை. ஒலிபெருக்கியும் கூட்டமும் கூடவே இருக்கும். தென்மேற்கே உள்ள குரி கிராமத்தின் மேடுகள் சிறியவை, அமைதியானவை. சிறு குழந்தை இருக்கும் வீட்டுக்குக் குரியைத்தான் சொல்வேன்.

ஓசூர் வாசகர்: மணல்மேட்டில் ஜீப் ஓட்டும் சாகசப் பயணத்துக்குப் பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள்.

நான் பரிந்துரைக்க மாட்டேன். கவிழ்ந்தால் குழந்தைக்கு ஏற்படும் ஆபத்து ஒருபுறம் இருக்கட்டும். மேட்டைப் பிடித்து வைத்திருக்கும் புல்லும் புதரும் சக்கரத்தில் நைந்தால் மணல் மறுபடியும் நகரத் தொடங்கும். சுற்றியுள்ள இறுகிய தரையில் ‘சாண்டா’ எனப்படும் முள்வால் பல்லி வளை தோண்டி வாழ்கிறது. சக்கரம் ஏறினால் வளை மூடிக்கொள்ளும். மேட்டின் ஒரு பக்கம் மெதுவாக ஏறி மறுபக்கம் சட்டென்று இறங்குவதைப் பிள்ளைகளுக்குக் காட்டி, காற்று எந்தத் திசையிலிருந்து வீசியது என்று கேளுங்கள். பிறகு செங்குத்துப் பக்கத்தில் சறுக்கி விளையாட விடுங்கள். மாலை முழுவதும் அதிலேயே போய்விடும்.

புதுச்சேரி வாசகர்: பறவை பார்ப்பதில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஆர்வம். கானமயிலைப் பார்க்க வாய்ப்பு உண்டா?

உங்கள் கேள்விக்கு விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன். கானமயில் ஒரு காலத்தில் தமிழகத்தின் வறண்ட வெளிகளிலும் இருந்த பறவை. இன்று இந்தியக் காடுகளில் எஞ்சியிருப்பவை 150க்கும் குறைவு. அவற்றில் பெரும்பாலானவை ஜெய்சால்மர் வட்டாரத்தில்தான் இருக்கின்றன. பதினைந்து கிலோ வரை எடையுள்ள இப்பறவைக்குக் கண்கள் பக்கவாட்டில் அமைந்திருப்பதால் நேர் எதிரே உள்ள மின்கம்பி தெரிவதில்லை. அருகில் வந்த பின் தெரிந்தாலும் அந்த உடல் எடையோடு சட்டென்று திரும்ப முடிவதில்லை. பெரும்பாலும் ஒரு முறைக்கு ஒரே முட்டைதான் இடும் என்பதால் இழப்பை ஈடுகட்டவும் இயலுவதில்லை. 2019 முதல் காட்டிலிருந்து முட்டைகளைச் சேகரித்துப் பொரிக்க வைத்து வளர்க்கிறார்கள்.

பாலைவனத் தேசியப் பூங்காவின் சுதாசரி பகுதிக்கு ஜெய்சால்மரில் வனத்துறையின் அனுமதி பெற்று, விடியும் வேளையில் செல்லுங்கள். பூங்காவின் பரப்பு 3,162 சதுர கிலோமீட்டர். கானமயில் கண்ணில் படும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. சிங்காரா மானும் கழுகு வகைகளும் தென்படும். கானமயிலைக் கண்டாலும் வண்டியை விட்டு இறங்காதீர்கள். பணம் கொடுத்தால் இன்னும் அருகில் கொண்டுபோவதாக யாரேனும் சொன்னால் ஏற்காதீர்கள்.

ஏமாற்றமே தராத இடம் பலோடியை அடுத்த கீச்சன். மங்கோலியா, மத்திய ஆசியப் பகுதிகளிலிருந்து இமயத்தைக் கடந்து ஆயிரக்கணக்கான கொக்குகள் செப்டம்பரில் வந்து மார்ச் வரை தங்குகின்றன. உள்ளூரில் அவற்றுக்குக் ‘குர்ஜா’ என்று பெயர். ஊர் மக்கள் வேலியடைத்த திடல் ஒன்றில் காலைதோறும் தானியம் தூவி வைக்கிறார்கள். முதல் கூட்டம் உடனே இறங்குவதில்லை. ஊரை வட்டமிட்டுச் சுற்றி, நாயோ புதியவரோ இல்லை என்று உறுதியான பிறகே கால்களைத் தொங்கவிட்டு ஒவ்வொன்றாக இறங்கும். அவற்றின் குரலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. அடுத்த வீட்டு மாடியிலிருந்து பார்க்க இடம் தருவார்கள்; அடர்நிற உடையும் அமைதியும் வேண்டும். தானியம் தீர்ந்ததும் அவை ஊர்க் குளங்களுக்குப் போய்விடும். அங்கே நண்பகலிலும் பார்க்கலாம். 2025இல் கீச்சன் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டபோது, பல தலைமுறையாக அப்பறவைகளைக் காத்த ஊருக்கு உரிய மரியாதை கிடைத்தது என்று மகிழ்ந்தேன்.

வேலூர் வாசகர்: ஜெய்சால்மர் பக்கத்தில் உள்ள குல்தராவைப் பேய் ஊர் என்கிறார்களே, பிள்ளைகளை அழைத்துச் செல்லலாமா?

தாராளமாகச் செல்லலாம். பேய்க் கதையை விட்டுவிட்டு அங்கே வாழ்ந்த பாலிவால் மக்களின் வேளாண்மையைச் சொல்லிக் கொடுங்கள். ஆண்டு மழை 20 சென்டிமீட்டர்கூடத் தேறாத நிலத்தில், பாறைச் சரிவில் வழிந்து வரும் மழைநீரைத் தாழ்வான இடத்தில் நீண்ட மண்கரை கட்டி மறித்தார்கள். நீர் மண்ணுக்குள் இறங்கியதும் அந்த ஈரத்திலேயே கோதுமையும் கொண்டைக்கடலையும் விதைத்தார்கள். ‘கடீன்’ எனப்படும் இந்த வயல்களில் இன்றும் பயிர் விளைகிறது. குளிர்காலத்தில் பழுப்பு நிலத்தின் நடுவே பச்சைத் திட்டாகத் தெரியும். வண்டியோட்டியிடம் கேட்டால் காட்டுவார். ஊர் கைவிடப்பட்டதற்கு நீர் வற்றியதையும் கொடிய வரியையும் காரணமாகச் சொல்கிறார்கள்.

நாமக்கல் வாசகி: சாப்பாட்டுக்கு என்ன செய்வது? குழந்தைகள் சோறு இல்லாமல் இருக்க மாட்டார்கள்.

சோறும் தயிரும் எங்கும் கிடைக்கும்; காரத்தை மட்டும் முன்கூட்டியே குறைக்கச் சொல்லுங்கள். பெரியவர்கள் கம்பு ரொட்டியும் கேர் சாங்கரி என்ற கறியும் சாப்பிட்டுப் பாருங்கள். சாங்கரி என்பது நம் கோயில்களில் தலமரமாக நிற்கும் வன்னியின் காய்தான். அந்த மரத்தை வெட்ட விடாமல் 1730இல் அமிர்தா தேவியும் பிஷ்னோய் மக்களும், மொத்தம் 363 பேர், மரத்தைக் கட்டிப்பிடித்தபடி உயிர் கொடுத்த கேஜர்லி கிராமம் ஜோத்பூரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் இருக்கிறது. நினைவிடத்தைச் சுற்றி வன்னித் தோப்பு. வழி நெடுக வயல்களில் வெளிமான்கள் அச்சமின்றி மேயும். பிள்ளைகளோடு அவசியம் செல்லுங்கள்.

காரைக்குடி வாசகர்: தனோட் கோயிலுக்கும் லோங்கேவாலாவுக்கும் ஒரே நாளில் போய் வரலாமா?

போய் வரலாம். ஜெய்சால்மரிலிருந்து தனோட் ஏறத்தாழ 120 கிலோமீட்டர். எல்லைப் பாதுகாப்புப் படை பராமரிக்கும் அக்கோயிலில், 1965 போரில் விழுந்தும் வெடிக்காத குண்டுகளை வைத்திருக்கிறார்கள். திரும்பும் வழியில், 1971 டிசம்பர் 4 இரவு சிறு படைப்பிரிவு ஒன்று பாகிஸ்தான் டாங்கிகளை விடியும்வரை தடுத்து நிறுத்திய லோங்கேவாலாவைப் பார்க்கலாம். காலை ஏழு மணிக்குக் கிளம்புங்கள். வழியில் உள்ள ராம்கர் ஊரைத் தாண்டினால் கடைகள் அரிது என்பதால் எரிபொருளும் குடிநீரும் அங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள். எல்லோருடைய அசல் அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும். கோயிலைத் தாண்டி எல்லைப்பக்கம் செல்லத் தனி அனுமதி வேண்டும். அதை முதல் நாளே ஜெய்சால்மரில் விசாரித்துக்கொள்ளுங்கள்.