“போறேன்” என்று சொன்னால் என்ன? சொற்கள் பற்றிச் சில கேள்விகள்

கேள்வி: கல்யாணமான புதிதில் வேலைக்குக் கிளம்பும்போது “போறேன் அத்தை” என்றேன். “போயிட்டு வரேன்னு சொல்லும்மா” என்று மாமியார் திருத்தினார். இது மூடநம்பிக்கைதானே ஐயா?

பதில்: நம்பிக்கை ஒருபக்கம் இருக்கட்டும், இலக்கணத்திலேயே இடம்பிடித்த பழக்கம் இது. ஒரு சொல்லுக்குப் பதிலாகத் தகுந்த வேறு சொல்லைச் சொல்வது தகுதி வழக்கு. இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்று அதை மூன்றாக்குகிறது நன்னூல் என்ற இலக்கண நூல். மாமியார் கேட்டது மங்கலம், அதாவது அமங்கலமான சொல்லைத் தவிர்த்து நல்லவிதமாகச் சொல்வது. விளக்கை ‘அணை’ என்னாமல் ‘குளிர வை’ என்பதும், சுடுகாட்டை ‘நன்காடு’ என்பதும் அதே கணக்குதான். எங்கள் வீட்டில் அரிசி தீர்ந்தால் அம்மா “அரிசி நிறைஞ்சிருக்கு” என்பார். சின்ன வயதில் அதை அப்படியே நம்பி, கடைக்குப் போகாமல் விளையாடிவிட்டு வந்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். ‘வரேன்’ என்றே சொல்லிவிட்டுப் போங்கள், காசா பணமா?

கேள்வி: துக்க வீட்டில் ‘செத்தார்’ என்னாமல் ‘இறந்தார்’ என்றுதான் சொல்ல வேண்டுமா?

பதில்: ‘இறந்தார்’ என்பதே பூசி மெழுகிய சொல்தான். இறத்தல் என்றால் கடந்து போதல். இறந்த காலம் என்கிறோமே, அந்த ‘இற’. புழங்கிப் புழங்கிப் பூச்சு உதிர்ந்து, இப்போது நேராகவே காதில் விழுகிறது. அதனால்தான் ‘தவறிட்டார்’, ‘காலமானார்’ என்றெல்லாம் தேடுகிறோம். இதில் எதைச் சொன்னாலும் சரி. அங்கே வலிப்பது பெரும்பாலும் நாம் கேட்கும் கேள்விதான். “முன்னாடியே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கலாமே?” என்று கேட்காமல் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருங்கள்.

கேள்வி: ‘நாற்றம்’ என்றால் நறுமணம் என்கிறார்களே?

பதில்: பழைய பாட்டில் ஆமாம். இன்று உங்கள் வீட்டுச் சாம்பாரைப் பார்த்து ஒருவர் சொன்னால் விட்டுவிடுவீர்களா?

கேள்வி: சனிக்கிழமை வீடு மாற்றுகிறேன். சாமான் தூக்க வருவியா என்று நண்பனிடம் கேட்டால் “இடுப்பு வலிக்கும்டா” என்கிறான். வருவானா, மாட்டானா?

பதில்: நன்னூல் விடையை எட்டு வகையாகப் பிரிக்கிறது. சுட்டு (‘இதோ, இது’), மறை (‘மாட்டேன்’), நேர் (‘வருவேன்’) மூன்றும் நேரடி விடைகள். மற்ற ஐந்தும் சுற்றி வருபவை. “இடுப்பு வலிக்கும்” என்றால் உறுவது கூறல். “போன தடவை தூக்கி இடுப்பு பிடிச்சுக்கிச்சு” என்றால் உற்றது உரைத்தல். “நீயே தூக்கு” ஏவல், “என்னால தூக்க முடியுமா?” வினா எதிர் வினாதல், “சாப்பாடு வாங்கித் தரேன்” இனமொழி. முகம் முறியாமல் மறுக்க இத்தனை வழி வைத்திருக்கிறோம்! எனக்கு அதில் பெருமைதான். ஆனால் வண்டிக்கு முன்பணம் கொடுத்துவிட்டு நிற்கிறவருக்கு அந்த நாசூக்கால் பிரயோசனமில்லை. நாள் குறித்த காரியத்தில் “முடியாதுடா, வேற ஆளைப் பாரு” என்று உடனே சொல்லியிருந்தால் அதுதான் மரியாதை. கோபித்துக்கொள்ளாதீர்கள், அவன் பதில் சொல்லிவிட்டான். வர மாட்டான். வெள்ளிக்கிழமைக்குள் கூலிக்கு ஆள் பிடித்துவிடுங்கள்.