டானிங் பழக்கம் அடிமைத்தனமா?

கேள்வி: நான் அமெரிக்காவில் வசிக்கிறேன். என் மனைவி அந்நாட்டவர். சருமத்தைப் பழுப்பாக்கிக்கொள்ள வாரத்தில் நான்கு நாட்கள் டானிங் நிலையத்துக்குச் சென்று, புற ஊதாக் கதிர் விளக்குகள் பொருத்திய படுக்கையில் படுத்துவிட்டு வருகிறார். அவருடைய தாயாருக்குத் தோல் புற்றுநோய் வந்து அறுவை சிகிச்சை நடந்த பிறகும் நிறுத்தவில்லை. இதுவும் ஒரு போதையா, டாக்டர்?

பதில்: வாரத்தில் நான்கு நாட்கள் என்ற எண்ணிக்கையை மட்டும் வைத்து அப்படி முடிவு செய்ய இயலாது. விடுமுறைப் பயணத்துக்கு முன் சில வாரங்கள் அடிக்கடி சென்றுவிட்டு, அதன்பின் அந்த நினைப்பே இல்லாமல் இருப்பவர்கள் உண்டு. வாரம் ஒருமுறையே சென்றாலும் அது தவறினால் நிலைகொள்ளாமல் தவிப்பவர்களும் உண்டு. ஆகவே, போக முடியாத நாட்களில் உங்கள் மனைவி எப்படி இருக்கிறார் என்பதையே நான் முதலில் கேட்பேன்.

மதுப்பழக்கத்தை மதிப்பிட உதவும் 'கேஜ்' என்னும் நான்கு வினாக்களை ஆய்வாளர்கள் இதற்கேற்ப மாற்றியமைத்துள்ளனர். குறைக்க முயன்றும் முடியவில்லையா, பிறர் வேண்டாம் என்றால் எரிச்சல் வருகிறதா, அளவு மீறுகிறோமே என்ற குற்றவுணர்வு எழுகிறதா, காலையில் கண்விழித்ததும் அங்கே போகத் தோன்றுகிறதா என்பவை அவை. இரண்டுக்கேனும் 'ஆம்' என்றால் மேலும் ஆராய வேண்டும். அதை மட்டும் வைத்து நோய் என்று உறுதிசெய்துவிட முடியாது. அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் நடத்தி 2010இல் வெளியான ஓர் ஆய்வில், டானிங் நிலையங்களுக்குச் சென்றவர்களில் 30.6 விழுக்காட்டினர் இவ்வினாக்களின்படியும், 39.3 விழுக்காட்டினர் மனநலக் கையேட்டைத் தழுவிய வேறோர் அளவுகோலின்படியும் அடிமைநிலையில் இருப்பதாகத் தெரியவந்தது. மனநோய்களை வகைப்படுத்த மருத்துவர்கள் பயன்படுத்தும் டிஎஸ்எம்-5 கையேடு இதைத் தனி நோயாக ஏற்கவும் இல்லை.

ஆயினும் இதை வெறும் அழகு மோகம் என்று ஒதுக்கிவிட முடியாது. புற ஊதாக் கதிர் படும் தோல் எண்டார்ஃபினை உருவாக்குகிறது. அபினைப் போன்றே மூளையில் செயல்படும் பொருள் அது. அதன் செயலைத் தடுக்கும் நால்ட்ரெக்சோன் மருந்தை 2006இல் ஒரு சிறு ஆய்வில் கொடுத்தபோது, அடிக்கடி டானிங் செய்துவந்த எட்டுப் பேரில் நால்வருக்கு, போதைப்பொருளை நிறுத்தியவர்களுக்கு வருவதுபோலக் குமட்டலும் நடுக்கமும் ஏற்பட்டன. அரிதாகச் செய்தவர்களில் எவருக்கும் அவ்வாறு நேரவில்லை.

தாயாரின் நோயைக் கண்ட பிறகும் தொடர்வது என்னைக் கவலைகொள்ளச் செய்கிறது. தீங்கை அறிந்தும் விட முடியாமை அடிமைத்தனத்தின் முக்கிய அறிகுறி. எனினும், குளிர்காலத்தில் வரும் மனச்சோர்வு, பதற்ற நோய், தன் தோற்றத்தைக் குறித்த தீராத அதிருப்தி ஆகியவையும் இப்படி வெளிப்படலாம் என்பதால், அவற்றையும் ஒரு மனநல மருத்துவர் விசாரித்தறிய வேண்டும். மேற்கண்ட வினாக்களை நீங்களே வீட்டில் குறுக்கு விசாரணைபோல் கேட்காதீர்கள். மறைக்கும் பழக்கமே அதனால் வளரும்.

தோல் மருத்துவரிடம் செல்வதைத் தள்ளிப்போட வேண்டாம். டானிங் கருவிகளை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2009இலேயே மனிதருக்கு உறுதியாகப் புற்றுநோய் உண்டாக்குபவை என்னும் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. தாயாருக்கு வந்தது மெலனோமா என்னும் கடுமையான வகைத் தோல் புற்றுநோயா என்று நீங்கள் எழுதவில்லை. அதுவானால் மகளுக்கும் ஆபத்து கூடுதல். மச்சங்கள் உட்பட உடல் முழுவதையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். தாயாரின் பயாப்சி அறிக்கை கிடைத்தால் அதையும் கொண்டுசெல்லுங்கள்.