பழைய வீட்டு கம்ப்யூட்டரில் ராம் கூட்டினால் வேகம் வருமா? நாமே மாட்டலாமா?

வரும், ஆனால் குறை ராமில், அதாவது ஓடும் வேலைகளை கம்ப்யூட்டர் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் மெமரியில் இருந்தால் மட்டும். மாட்டுவது பெரிய வித்தை இல்லை. வாங்குவதில்தான் கோட்டை விடுவோம்; நான் விட்டேன்.

எங்கள் வீடு கடலூரில் தேவனாம்பட்டினம் பக்கம். 2013-ல் வாங்கிய கம்ப்யூட்டர், 4 ஜிபி ராம். பையன் காலேஜ் சேர்ந்ததும் குரோமில் பத்து டேப் திறந்து வைப்பான், மவுஸ் அசையாது. புதுச்சேரிக்கு பஸ் ஏறி, ஒரு கடையில் "4 ஜிபி ராம் ஒண்ணு கொடுங்க" என்றேன். அவர் எதுவும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து கேஸைத் திறந்தால் ஸ்லாட்டில் உட்காரவே மாட்டேன் என்கிறது. வந்தது டிடிஆர்4 என்ற புதிய தலைமுறை ராம், என் மதர்போர்டு அதற்கு முந்தைய டிடிஆர்3-க்கானது. டிடிஆர்4-க்கு ஸ்லாட்டில் படும் உலோகப் பற்கள் 288, டிடிஆர்3-க்கு 240. அடியில் இருக்கும் வெட்டும் வேறு இடத்தில். நல்லவேளை, அழுத்திப் பார்க்கவில்லை. மறுநாள் மறுபடி பஸ். "பழைய ராமைக் கழட்டி எடுத்துட்டு வந்திருக்கலாமே சார்" என்றார் கடைக்காரர். அதை முதல் நாளே கேட்டிருக்கலாம்!

சரியானதை மாட்டியும் திரை இருட்டு, பீப் பீப் என்று ஒரே கத்தல். எங்கள் ஊர் உப்புக்காற்று ஜன்னல் கம்பியையே தின்றுவிடும். பழைய ராமைக் கழட்டிப் பார்த்தால் தங்க நிறப் பற்கள் மங்கிக் கிடந்தன. பவர் வயரைப் பிடுங்கிவிட்டு, உடம்பில் சேரும் நிலைமின்சாரம் ராமைக் கெடுக்காமல் இருக்க கேஸின் இரும்பைத் தொட்டுக்கொண்டு, பையனின் பென்சில் ரப்பரால் லேசாகத் தேய்த்தேன். தூளை ஊதினால் எச்சில் படும், பிரஷால் தட்டிவிடுங்கள். பிறகு இரண்டு ஓரத்திலும் 'டக்' என்று கிளிப் விழும்வரை அழுத்தினேன். வந்துவிட்டது.

நீங்கள் காசு கொடுக்குமுன் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, கம்ப்யூட்டர் எதில் திணறுகிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். வழக்கமான வேலை ஓடும்போது மெமரி 90 சதவீதத்தைத் தொட்டால் ராம் வாங்கலாம். மெமரி பாதிதான், டிஸ்க் 100-லேயே நிற்கிறது என்றால் ராமை விடுங்கள், பழைய ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு அதைவிட வேகமான எஸ்எஸ்டி போடுங்கள். என்னைக் கேட்டால் பத்து வருஷப் பழைய பெட்டிகளில் பாதிக்கு நோய் அங்கேதான்.

விண்டோஸ் பழைய 32-பிட் வகையா என்றும் பாருங்கள். அதில் 8 ஜிபி போட்டாலும் 4-க்கு மேல் எடுத்துக்கொள்ளாது. 64-பிட் ஏற்றியாக வேண்டும். என்னுடையது 32-பிட்டாகத்தான் இருந்தது. இரண்டு பஸ் பயணத்துக்கு அப்புறம், ஒரு ஞாயிறு முழுக்க அதற்கே போனது.